தட் மேக்ஸ் சென்ஸ், டாக்டர்

1. முதல் நாள் கொடுத்த தாள்

அம்பத்தூர் பக்கம் ஒரு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கான வாய்ஸ் ப்ராசஸ். அங்கே ஒருவர் வீட்டில் வாஷிங் மெஷின் பழுதானால் போன் இங்கே வரும். புகாரைப் பதிந்து, மெக்கானிக் வரும் நாளைச் சொல்ல வேண்டும். மதியம் ஒன்றரைக்கு லாகின். திருத்தணியில் பத்தரை வாக்கில் மின்சார ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

முதல் நாள் ஷீலா மேடம் என்ற பயிற்சியாளர் எங்கள் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் மெஷினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருபது ஆங்கில வாக்கியங்கள் இருந்தன. இருபதுக்கும் பொருள் ஒன்றுதான்: எனக்குப் புரிகிறது.

“கஸ்டமர் கோவமாத்தான் வருவாங்க. மெஷின் அப்புறம் சரியாகும். அவங்க சொல்றது நம்ம காதுல ஏறுதுன்னு மொதல்ல அவங்களுக்குத் தெரியணும். அத மொதல்ல குடுங்க,” என்றார் மேடம்.

அவர் சொல்லிக்கொடுத்தது இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ‘ஐ சீ’ என்றால் தகவலை வாங்கிக்கொண்டேன் என்று பொருள். வெடுக்கென்று சொன்னால் அலட்சியமாகக் கேட்கும், குரலை இறக்கி மெதுவாகச் சொல்ல வேண்டும். எதிராளி ஒரு காரணத்தை விளக்கி முடித்தால் ‘தட் மேக்ஸ் சென்ஸ்’. அவர் கேட்பதைத் தர முடியாது, ஆனால் அவர் பக்கத்து நியாயம் தெரிகிறது என்று காட்ட ‘ஐ சீ வேர் யூ ஆர் கமிங் ஃப்ரம்’. கத்துகிறவருக்கு ‘ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்’. வீட்டில் நோய், சாவு என்று சொன்னால் ‘ஐ கேன் ஒன்லி இமேஜின் ஹவ் ஹார்ட் திஸ் மஸ்ட் பி’. அந்த இடத்தில் மட்டும் ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்று வாயைத் திறக்கக் கூடாது. உனக்கு எப்படிப் புரியும் என்று திருப்பிக் கேட்பார்கள். ‘காட் இட்’ டீம் லீடரிடம் சொல்லலாம், கஸ்டமரிடம் கூடாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா திருத்தணி மார்க்கெட்டில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குகிறவர். மறுநாள் காலையில் பல்லில் குச்சியோடு வந்து உட்கார்ந்தார்.

“இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க ஆபீஸ்ல?”

தாளைப் பார்த்து ஒன்றைப் படித்துக் காட்டினேன்.

“அப்டின்னா?”

“உங்க கஷ்டம் எனக்கு நல்லா புரியுதுன்னு அர்த்தம், நைனா.”

“ஆங்... புரிஞ்சி?”

“புரிஞ்சி, கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கணும். அவ்ளோதான்.”

“நல்லாத்தாண்டா கீது. முப்பது வருசமா மூட்ட எறக்கிகினு கீறேன். ஒருத்தன் வாயிலேருந்து இந்த வார்த்த வந்ததில்ல. எங்க மண்டி மொதலாளிக்கு ஒரு தாள் வாங்கியா.”

“மொதல்ல உனுக்கு ஒன்னு வாங்கியாரச் சொல்லு,” என்றாள் அம்மா அடுப்பின் முன்னாலிருந்து.

2. டெட் ஏர்

போனில் பேசும்போது மௌனம் விழுந்தால் அதற்கு டெட் ஏர் என்று பெயர். நாங்கள் பேசும் கால்களைப் பின்னால் குவாலிட்டி டீம் கேட்டு மார்க் போடும். மூன்று விநாடிக்கு மேல் டெட் ஏர் இருந்தால் மார்க் போய்விடும். எதிராளி நிறுத்தினால் உடனே தாளில் இருக்கிற ஒன்றைப் போட்டு நிரப்ப வேண்டும்.

எனக்கு முதல் மூன்று மாதம் அதுதான் பெரிய கஷ்டம். நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும் ஆள். யோசிக்க மூன்று விநாடி போதாது. அதனால் இருபது வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தேன். அரக்கோணத்திலிருந்து திருவள்ளூர் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உதடு அசைத்துச் சொல்லிக்கொண்டே போவேன். எதிர் சீட்டுக்காரர்கள் கந்தர் சஷ்டிக்கு விரதம் இருக்கிற பையன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆறாவது மாதம் ஒரு கால் வந்தது. ஸ்காட்லாந்துக்காரர், வயதானவர். அவர் பேசியது ஆங்கிலம் என்று திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏழு நிமிடம் பேசினார். எனக்கு ‘வாட்டர்’, ‘ஃப்ளோர்’, ‘வைஃப்’ என்று மூன்று சொற்கள் கிடைத்தன. அவர் நிறுத்தின இடத்திலெல்லாம் சரியான வாக்கியத்தை வைத்தேன். மெக்கானிக் போகும் நாளைச் சொன்னேன். அவர் மிகவும் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். குவாலிட்டி டீம் அந்தக் காலுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்து, புதிய பேட்சுக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டியது.

டீம் லீடர் தினேஷ் முதுகில் தட்டினான். “எப்படி மச்சான் அந்த ஆக்சென்ட் உனக்கு மட்டும் புரிஞ்சுது?”

“கொஞ்சம் கவனிச்சா புரியும்டா,” என்றேன்.

அந்த மனிதரின் வீட்டில் தண்ணீரும் தரையும் மனைவியும் எப்படிச் சேர்ந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புரியாமலே புரிந்தவனாக நடந்துகொள்ளலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இதைப் பெருமையாக எழுதவில்லை. அடுத்து வருவதைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

3. டாக்டர் நிறுத்திய இடங்கள்

நான்காவது வருடம் நைனாவுக்குக் கண் மஞ்சளாயிற்று. மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். உடம்பு அரித்தது, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு மூட்டையைத் தூக்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திருத்தணியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே நாலு நாள் பரிசோதனைகள் நடந்தன. ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். அம்மாவும் வரட்டுமா என்று நர்ஸ் கேட்டார். “வேணாங்க, அவங்களுக்குப் புரியாது, நான் பேசிக்கறேன்,” என்றேன். அம்மா வெளியே பெஞ்சில் நைனாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே போனதும் “குட் மார்னிங் டாக்டர், தேங்க் யூ ஃபார் யுவர் டைம்” என்றேன். வாயில் தானாக வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் எல்லோரிடமும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைச் சுற்றிவிட்டு வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். கணையம், கல்லீரல் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்கள் தெரிந்தன. நடுவில் வந்த சொற்கள் பல எனக்கு முதல் தடவை. ‘மலிக்னன்சி’ என்பது காதில் விழுந்தது. அது என்னவென்று அரைகுறையாகத் தெரியும். அரைகுறையாகத் தெரிந்ததைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள எனக்குப் பயம்.

அங்கே டாக்டர் நிறுத்தினார்.

இப்போது யோசித்தால், அவர் வேண்டுமென்றே நிறுத்தினார் என்று தெரிகிறது. அந்த இடத்தில் சிலர் அழுவார்கள். சிலர் “அப்டின்னா என்ன சார்?” என்பார்கள். அதற்காக அவர் விட்ட இடைவெளி அது. நான் மூன்று விநாடிகூடப் போகவிடவில்லை.

“ஐ சீ, டாக்டர்,” என்றேன், குரலை இறக்கி, மெதுவாக.

அவர் தொடர்ந்தார். ஆபரேஷன் ஏன் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் சொன்னார். அது காரணம் என்பது மட்டும் அவர் குரலின் போக்கில் தெரிந்தது. முடித்தார்.

“தட் மேக்ஸ் சென்ஸ், டாக்டர்.”

பிறகு ஸ்டென்ட் என்றார். சின்னக் குழாய், வாய் வழியாக விட்டு வைப்பது, மஞ்சள் இறங்கும், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். இது முழுதாகப் புரிந்தது. புரிந்ததால் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறமும் அவர் வெகுநேரம் பேசினார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

“நோ, டாக்டர். ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட். யூ ஹேவ் எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் வெரி க்ளியர்லி.”

எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நன்றாகப் பேசுகிறாய் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அறையில், அந்தப் படத்தின் முன்னால், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

வெளியே வந்ததும் அம்மா எழுந்தாள். “இன்னா நைனா சொன்னாரு?” எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு.

“ட்யூப் வெக்கிறாங்கம்மா. காமால எறங்கிடும். நாளன்னிக்கி வூட்டுக்குப் போலாம்.”

அம்மா திருத்தணி முருகன் மலை எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியாமல் ஒரு சுவரைப் பார்த்துக் கையெடுத்தாள்.

4. பக்கத்துக் கட்டில்

நைனாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நகரி பக்கத்து அம்மாள் ஒருவர் படுத்திருந்தார். உடன் இருந்தவர் அவர் மகன் குமார், ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த அதே டாக்டர் அவரிடம் தமிழில் ஏதோ சொன்னார்.

“சார், எனுக்கு ஒன்னும் புரில சார்,” என்றார் குமார், வார்டுக்கே கேட்கும்படி. “எனுக்குப் புரியற மாரி சொல்லு சார்.”

டாக்டர் மறுபடி சொன்னார்.

“லிவர்ல கட்டின்ற. சரி. கட்டிய எடுத்துட்லாம்ல?”

“எடுக்க முடியாதுப்பா. பரவிடுச்சு.”

“பரவிடுச்சின்னா? இன்னொரு தபா சொல்லு சார்.”

“எத்தனை தடவைப்பா சொல்றது?”

“பத்து தபா கேட்டாலும் நீதான சார் சொல்லணும். நான் வேற யார கேப்பேன்? எங்கம்மா சார் அது.”

கூட வந்த சின்ன டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. பெரிய டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகப் பேசினார். குமார் தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போன பிறகு ஜன்னலோரம் போய் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஒரு மாசம், ரெண்டு மாசம்னு சொல்ட்டாரு சார். வூட்டுக்கே இட்டுகினு போறேன். அவங்க அக்கா தங்கச்சி அல்லாரையும் வரச் சொல்லிட்டேன். தெருவுல பந்தல் போட்டு எல்லாத்துக்கும் சோறு போடணும். அது பாத்துகினே இருக்கட்டும்.”

“புரியுதுங்க. ரொம்பக் கஷ்டம்,” என்றேன்.

“உங்க நைனாவுக்கு இன்னா சொன்னாரு?”

“ட்யூப் வெச்சா சரியாயிடும்னாருங்க.”

“நீ இங்கிலீஷ்லயே கேட்டு வாங்கிட்டே பாத்தியா! படிச்சவங்க படிச்சவங்கதான் சார்,” என்றார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. நைனாகூடக் கட்டிலில் திரும்பிப் படுத்து, மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

5. வெளுத்த கண்

ஸ்டென்ட் வைத்த பத்தாம் நாள் நைனாவின் கண் வெளுத்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. “பையன் பெரிய ஆஸ்பத்திரில பேசி நெறவேத்திட்டான்,” என்றார்கள். அம்மா கிருத்திகைக்கு மலைப்படி ஏறி முடி கொடுத்துவிட்டு வந்தாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் நான் படித்தது கடைசி வரியை மட்டும்தான்: வீட்டுக்கு அனுப்பும்போது உடல்நிலை ‘ஸ்டேபிள்’. மேலே இருந்த சொற்களில் ஒன்றை ஒருநாள் ரயிலில் போனில் தேட ஆரம்பித்தேன். நாலு எழுத்து அடித்ததும் கீழே யோசனைகள் வரத் தொடங்கின. அழித்துவிட்டேன்.

நைனா மட்டும் இளைத்துக்கொண்டே போனார். கண் வெளுத்த வாரத்தில் ஒருநாள் காலை, நான் ஷூ போடும்போது கேட்டார்.

“தணிகா, பள்ளிப்பட்டு வரைக்கும் ஒரு தபா போய்ட்டு வர்றியா?”

பள்ளிப்பட்டில் என் அத்தை இருக்கிறாள், நைனாவின் ஒரே தங்கை. எனக்கு அவள் மகளைக் கட்டுவதாகச் சிறுவயதிலிருந்தே பேச்சு. நான் காலேஜ் சேர்ந்ததும், படிப்பு கெட்டுவிடும், இப்போது வேண்டாம் என்று நைனா தள்ளிப் போட்டார். இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு அவர்கள் வேறு இடத்தில் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அத்தையின் கணவரை நைனா பாவா என்று கூப்பிடுவார். அவர் மார்க்கெட்டுக்கே வந்து, எல்லோர் முன்னாலும், “பையன் படிச்சிட்டான்னு தலகால் தெரில உனுக்கு” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு வருடமாகப் போக்குவரத்து இல்லை.

இப்படி முறிந்த உறவை எங்களில் போனில் ஒட்டவைக்க முடியாது. யாரால் முறிந்ததோ அந்த வீட்டுப் பிள்ளை வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய்க் கூப்பிட வேண்டும். நைனா போக முடியாது, அம்மா போகக் கூடாது. நான்தான் போக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

“புரியுது நைனா,” என்றேன். “மொதல்ல ஒடம்பு தேறட்டும். நாம ரெண்டு பேருமே போலாம். உன்ன வண்டில குந்த வெச்சி இட்டுகினு போறேன்.”

“நான் எங்கடா வரப்போறேன். நீ போய்க் கூப்டா அவ வந்துடுவா. பாவா கத்துவாரு. கத்திட்டு, அவரே பஸ் ஏத்தி உட்டுடுவாரு. எனுக்குத் தெரியும் அவர.”

“கண்டிப்பா நைனா. நீ சொல்றது நியாயம்தான். கொஞ்சம் நேரம் குடு.”

நான் பேசிய விதத்தில் அவருக்கு மேலே சொல்ல எதுவும் மிச்சம் வைக்கவில்லை. கஸ்டமரைச் சமாதானமாகப் போனை வைக்கச் செய்வது எப்படி என்பதில் நான் தேறியிருந்தேன். அதைத்தான் வீட்டிலும் செய்தேன்.

பதினைந்து நாள் கழித்து அம்மா ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டாள். நைனா பக்கத்தில் இருந்து கேட்கச் சொன்னாராம்: அத்தையாண்ட எப்போ போறே?

“புரியுதும்மா. ஞாயித்துக்கெழம கண்டிப்பா போறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு என்று ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். லீவு கேட்டிருந்தால் தினேஷ் கொடுத்திருப்பான். டாக்டர் சொன்னது எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன். வேலையையே விட்டிருப்பேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை நைனா கஞ்சி வேண்டாம் என்றார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டுப் போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டியதில்லை, சேதி போதும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் அத்தை பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு ஓடி வந்தாள். மாமா பின்னால் மாலையோடு வந்தார். அவர் யாரிடமும் கத்தவில்லை.

6. தமிழில்

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. கண் வெளுத்த மனிதர் எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. டாக்டருக்கு என் முகம் நினைவிருந்தது. ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தார்.

“சார், தமிழ்லயே சொல்லுங்க சார்,” என்றேன். “அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

“உங்க அப்பாவுக்குக் கணையத்துல கேன்சர். ஈரலுக்குப் பரவிடுச்சு, ஆபரேஷன் பண்ண முடியாது. குழாய் வெச்சது அரிப்பும் மஞ்சளும் கொறையறதுக்கு மட்டும், நோய் அதனால போகாது. ரெண்டு மாசம் இருந்தா அதிகம், யாரையாவது பாக்கணும்னா இப்பவே வரச் சொல்லுங்கன்னு சொன்னேன்.”

நாலே வாக்கியம். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“நீங்க எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னீங்களே,” என்றார் டாக்டர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அவருக்கே அது புரியவில்லை. “மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் பேசற பையன்னு நான் நெனச்சேன்.”

7. பஞ்சர் கடை

அங்கிருந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் பள்ளிப்பட்டு போனேன். மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வெற்றிலை பாக்கு எடுத்துப் போகவில்லை, துக்க வீட்டுக்காரன் எடுத்துப் போகக் கூடாது. அத்தை பாயை விரித்தாள். நான் உட்காராமலே சொன்னேன்.

“டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாரு அத்த. ரெண்டு மாசம்தான், பாக்கறவங்கள வரச் சொல்லுன்னு. எனுக்குத்தான் புரில. புரிஞ்ச மாரி பேசிட்டு வந்துட்டேன். நைனா ரெண்டு தபா உன்னக் கூப்டச் சொன்னாரு. நாந்தான் வரல.”

வாசலில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த மாமா கையை எடுத்துவிட்டார்.

“புரிலன்னா கேக்கறதுதானடா?” என்றாள் அத்தை.

“வெக்கமா இருந்துச்சி அத்த.”

“இன்னாடா வெக்கம்? ரேசன் கடைலயும் தாலுக்கா ஆபீஸ்லயும் நானு, உங்க நைனா, அல்லாரும் இத்தன வருசமா அதத்தான சொல்லிகினு கீறோம். எங்களுக்குத் தெரில, புரில, கொஞ்சம் சொல்லு சாமின்னு. ஒரு நாளு வெக்கப்பட்டதில்ல. நீ எங்கடா போய்க் கத்துக்கின இந்த வெக்கத்த?”

மாமா உள்ளே வந்து, “வுடுடி, பையன் நின்னுகினே கீறான்” என்று சொல்லி என் தோளை அமுக்கி உட்கார வைத்தார். அவர் கை ஈரமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அத்தை கேட்டாள். “என்னப் பத்தி இன்னா சொன்னாரு அண்ணன்?”

“நீ போய்க் கூப்டா அவ வந்துடுவா, பாவா கத்துவாரு, கத்திட்டு அவரே பஸ் ஏத்தி உட்டுடுவாருன்னு சொன்னாரு.”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “இன்னொரு தபா சொல்லு,” என்றாள். சொன்னேன். அவள் கேட்கக் கேட்க, நைனா சொன்ன அதே வார்த்தைகளில், நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

8. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது நானே பயிற்சி கொடுக்கிறேன். அந்த இருபது வாக்கியங்களையும் சொல்லிக்கொடுக்கிறேன். அவற்றில் தவறு இல்லை. கோபத்தோடு வருகிறவரை ஆற்றவும், மரியாதையாகப் பேசவும் அவை வேண்டும். ஆனால் தாளைக் கொடுப்பதற்கு முன் முதல் மணி நேரத்தில் வேறு ஒன்றைச் சொல்ல வைக்கிறேன். ஒவ்வொருவராக எழுந்து நின்று, முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்: எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள். ‘சாரி, ஐ டிடின்ட் ஃபாலோ தட். குட் யூ சே இட் அகெய்ன், ப்ளீஸ்?’ இதற்கு குவாலிட்டி டீம் மார்க் கொடுப்பதில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டேன், யோசிக்கிறோம் என்கிறார்கள்.

நகரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் முதலாவதாகப் படித்து வந்தவர்களுக்குத்தான் வாய் வருவதில்லை. தலை குனிந்துகொள்கிறது, குரல் உள்ளே போய்விடுகிறது. அவர்கள் வீட்டில் எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று சொன்னால் அத்தனை பேரையும் ஏமாற்றியது போல இருக்கும். அவர்களை நான் உட்கார விடுவதில்லை. சத்தமாக வருகிறவரை சொல்லச் சொல்கிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது நைனா போன பிறகு. பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். ஒன்றரை மணி நேரத்தில் அத்தை வந்திருப்பாள்.